பணி ஓய்வும் மருத்துவக் காப்பீடும்: இடையில் நிற்கும் 12 ஆண்டுகள்

எழுபது வயது நிரம்பியவர் எவரும், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி, மருத்துவமனையில் தங்கி இலவசச் சிகிச்சை பெறும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை. கணவனும் மனைவியும் எழுபதைக் கடந்திருந்தால் இருவருக்கும் சேர்த்தே அந்தத் தொகை. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் தனியார் நிறுவனங்களில் உழைக்கும் நம்மில் பலர் 58 வயதில் ஓய்வு பெறுகிறோம். 58க்கும் 70க்கும் இடையே 12 ஆண்டுகள் உள்ளன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வேர்விடும் காலமும் அதுதானே!

பணியில் இருந்தவரை நிறுவனம் எடுத்த குழுக் காப்பீடு இருந்தது. அதற்கென நாம் தனியே பணம் கட்டாததால், அது இருப்பதே பலருக்கு நினைவில் இல்லை. ஓய்வு பெறுபவரிடம் பணிக்கொடை எவ்வளவு, வைப்பு நிதி எவ்வளவு என்று விசாரிக்கிறோம். காப்பீடு என்னவாகும் என்று கேட்பவர் அரிது. பெரும்பாலும் அது பணியோடு முடிந்துவிடுகிறது. அதில் சேர்க்கப்பட்டிருந்த மனைவிக்கும் வயதான பெற்றோருக்கும் சேர்த்தே முடிகிறது.

அதன்பின் புதிதாக எடுக்கலாமே என்பர். எடுக்கலாம்தான். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் காப்பீடு கிடைக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் வழிசெய்தது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு, காப்பீடு எடுத்த நாளிலிருந்து 36 மாதங்கள் வரை நிறுவனம் பணம் தர மறுக்கலாம். முன்பு இது 48 மாதங்களாக இருந்தது. ஆக, 58இல் எடுப்பவருக்குச் சர்க்கரை நோய் சார்ந்த சிகிச்சைக்கு 61 வயதில்தான் உதவி கிடைக்கக்கூடும். 55இல் எடுத்தவருக்கோ ஓய்வு பெறும் நாளிலேயே அந்தக் காத்திருப்பு முடிந்திருக்கும். நிறுவனக் காப்பீடு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில்.

இப்போதே 57 வயதானவர்கள் மனந்தளர வேண்டாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாற வாய்ப்புண்டு. ஏற்கெனவே காத்திருந்த காலமும் கணக்கில் சேரும். நம் உடல்நிலையைப் பரிசீலித்தே ஏற்பார்கள் என்பதால், ஓய்வுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. எப்படியாயினும் நோயை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். முகவர் சிலர் “அதெல்லாம் எழுத வேண்டாம்” என்பர். பின்னாளில் பணம் மறுக்கப்படும்போது மருத்துவமனை வாசலில் நிற்கப்போவது அவர்கள் அல்லர்.

கட்டணமும் சுமைதான். முதியோருக்கான கட்டணத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துமுன் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 சனவரியில் ஆணை வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. இவற்றால் ஓரளவு ஆறுதல் உண்டு. எனினும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைச் செலவை இத்தகைய காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்கெனத் தனியே கொஞ்சம் சேமித்துத்தான் ஆகவேண்டும்.

குறைந்த ஊதியம் பெற்று, இ.எஸ்.ஐ. திட்டத்தில் குறைந்தது ஐந்தாண்டுகள் இருந்து ஓய்வு பெறுவோர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்ற விதி உருவாக்கப்பட்டது. இதை அறியாமல் விட்டவர்கள் ஏராளம் என்றே தோன்றுகிறது.

நம் பங்குகளில் ஆண்டுக்கணக்காகப் பணிபுரியும் உபதேசியார், கோவில் பணியாளர், நம் சுயநிதிப் பள்ளிகளின் ஆயாக்கள் ஆகியோருக்கு இவற்றில் எது இருக்கிறது? முதுமைக்கால ஓய்வூதியமும் காப்பீடும் தொழிலாளரின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட உழைப்பு பற்றிய சுற்றுமடலில் எழுதினார். உரிமை என்றார், தயவு என்று சொல்லவில்லை. அவர்களுள் 55 வயதைத் தொட்டவர் யார் யார் என்று ஒவ்வொரு பங்கு நிதிக்குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு பட்டியல் எடுத்தால், அவர்களுக்குக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.