சேனை வேண்டாம், சீம்பால் போதும்



ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று பேரணி நடத்துகிறோம். பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைக்கக் காத்திருக்கும் உறவினர்களிடம் யார் பேசுவது? சேனையாகப் புகட்டும் சர்க்கரைத் தண்ணீர் வழியே பிள்ளைக்குக் கிருமி போகலாம். தேனோ ஒரு வயதுவரை கூடவே கூடாது. முதல் சில நாள் சுரக்கும் சீம்பாலில்தான் நோயைத் தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ நிறைந்திருக்கிறது. அதைப் போய் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. வெயிலுக்குத் தண்ணீர் புகட்டச் சொல்லும் பாட்டிமார்களுக்கு: தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம்வரை அதுவே போதும். இதையெல்லாம் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துச் செவிலியர்கள் விளக்க வேண்டும்.

– வாசகி, திண்டுக்கல்