கோலுக்கு நின்ற தங்கராஜ்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் பால்கோவாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபார்வர்டு ஆடிட்டு இருந்தேன் மாமா. உயரமா இருக்கேன்னு கோலுக்கு நிக்கச் சொல்லிட்டாங்க. இனிமே ஃபுட்பால் வேண்டாம்."

"நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், நீயாவது சொல்லு" என்றாள் அக்கா. எனக்குப் பீட்டர் தங்கராஜ் நினைவுக்கு வந்தார்.

1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். அவரும் முதலில் சென்டர் ஃபார்வர்டுதான். பிறகு கோல்கீப்பராக மாறினார். ஆறடிக்கு மேல் உயரம். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது அணியில் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்த ஆட்டத்திலும் கோலுக்கு நின்றது அவர்தான். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது. 2008இல் பொகாரோவில் காலமானார்.

இவ்வளவு இருந்தும், இந்தப் பெயரைத் தெரியுமா என்று நம் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். கோல் போட்டவரை ஊர் தோளில் தூக்கும். தடுத்தவரை, ஒன்றை விட்டுவிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். பையனின் கோபம் நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியைப் பற்றியும் சொன்னேன். மைதானம் நிறைய ஜனம், பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. எதிரே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று என்று நமக்கு இரண்டு கோல். தங்கம் நமக்கு. கோல் கம்பத்துக்கு நடுவில் தங்கராஜ்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அன்னைக்கு அவர் எத்தனை கோல் விட்டாரு மாமா?"

"ஒண்ணே ஒண்ணு."

"அது எப்படி உள்ள போச்சாம்?"

பரவாயில்லை, கோல்கீப்பர் கேட்கிற கேள்விதான் என்று நினைத்துக்கொண்டேன். பால்கோவா பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். இந்த முறை கை நீண்டது.