கணக்கில் வராத நோயாளர்

பயிரைக் காக்கும் நஞ்சுக்கு நம் கமக்காரர் இட்டிருக்கும் பெயர் "மருந்து". மருந்தடிக்கப் போகின்றேன் என்று கூறிப் புறப்படும் கூலியாள், அந்த மருந்து பூச்சியின் நரம்பை எவ்வாறு முடக்குகின்றதோ அவ்வாறே தன் நரம்பையும் தாக்கவல்லது என்பதை அறியான். அறிவிக்க வேண்டியவர்களும் அறிவித்தார்களில்லை.

இலங்கையில் இவ்விடயம் ஆராயப்படவில்லை என எவரும் சொல்ல முடியாது. பீடைகொல்லி நஞ்சால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் அரசாங்க வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர், அவருள் 1,000 பேர் மடிகின்றனர் என்று ஜெயரத்தினமும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1982 இல் எடுத்துக் காட்டினர். சேதனப் பொசுபரசு வகை நஞ்சுண்டவர் தேறிவிட்டார் என்று கருதப்படும் வேளையில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் சுவாசத் தசையும் சோர்ந்து போவதை 1987 இல் உலக மருத்துவத்துக்குக் கற்பித்தவர்கள் பேராதனை வைத்தியர்களான சேனநாயக்கவும் கரலியத்தவுமே.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின்னர் பரதியோன் 1984 இலும், மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் நிறுத்தப்பட்டன. பரகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாக நீக்கப்பட்டது. இதனால் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. இதனை மனமுவந்து பாராட்டுகின்றோம்.

ஆயினும் 1982 ஆம் ஆண்டு ஆய்வு கண்டவருள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நஞ்சைத் தாமே குடித்தவர்கள். குடியாமலே நஞ்சுண்டவனின் கதி என்ன? வெங்காயத் தறைக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் மருந்தைக் கையாற் கலந்து, முதுகிற் சுமந்து, எதிர்காற்றில் தெளிப்பவனுக்கு அது தோல் வழியாகவே உட்செல்கின்றது. மாலையில் தலையிடி, கண்மங்கல், வயிற்றுப்பிரட்டல். வெயிலின் குணம் என்று எண்ணித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்து விடுகின்றான். வைத்தியசாலைக்குப் போகாதவனை எந்தப் புள்ளிவிபரம் எண்ணும்? மலையகத் தேயிலைத் தோட்டத்தில் களைகொல்லி தெளிப்பவனின் நிலை இன்னும் பரிதாபம். எதைத் தெளிப்பது என்று தெரிவு செய்யும் உரிமை கூட அவனுக்கில்லை. துரைமார் தீர்மானிப்பதை அவன் சுமக்கின்றான்.

கையுறை அணிக, முகமூடி அணிக என்று போத்தலின் சீட்டு உபதேசிக்கின்றது. சித்திரை வெயிலில் அவற்றை அணிந்து அரை ஏக்கர் நிலத்தை ஒருமுறை சுற்றி வருமாறு அதை எழுதியோரை அழைக்கின்றோம்! பாதுகாப்பின் முழுப் பாரத்தையும் நாட்கூலிக்காரன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் கவனயீனன் என்று பழிப்பது நீதியாகாது.

இந்நஞ்சு உடலிற் சேர்வதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை உண்டு. கொலினெசுத்தரேசு என்னும் நொதியத்தின் அளவைப் போகம் தொடங்குமுன் ஒருமுறையும் மருந்தடிக்கும் காலத்தில் ஒருமுறையும் பார்த்து ஒப்பிட்டால், ஆபத்து நோயாக முற்றுமுன் தெரிந்துவிடும். அளவு குறைந்தவனைச் சில வாரங்களுக்கு வேறு வேலைக்கு மாற்றலாம். கூலியைக் குறையாது கொடுக்க வேண்டும். அல்லாவிடின் எவன் பரிசோதனைக்கு வருவான்?

1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூரையின் கீழ் உழைப்பவனுக்காக ஆக்கப்பட்டது. திறந்த வெளியில் நஞ்சு சுமப்பவனுக்கு அத்தகைய காவல் எப்பொழுது? அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் சுகாதார அமைச்சரிடமும் விவசாய அமைச்சரிடமும் இக்கேள்வியை எழுப்புமாறு வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதிநிதிகள் அனைவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.