ஐந்து சரியானால் ஆறும் சரியா?

சென்ற பருவத்தில் ஒரு நாள், எங்கள் கணித வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் ஐந்து எண்களை எழுதினார்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். "2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். அடுத்து 32-ஆம் அடுக்கு. வருவது 4294967297. அதுவும் பகா எண்தானா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்று வகுப்பே குரல் கொடுத்தது. நானும் கொடுத்தேன். ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை.

வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் எங்களுக்குத் துணையாக ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640-இல் இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1732-இல் ஆய்லர் அந்தப் பத்து இலக்க எண்ணை 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார்.

இதில் மாயம் ஏதுமில்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரவேண்டும் என்பதை ஆய்லரே பின்னர் விளக்கினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 625 + 16. இதை 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்குவோம். அப்பெருக்கற்பலன் 641-ஆல் வகுபடும். மேலும் 641 = 640 + 1 ஆதலால், 640-இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணும் 641-ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பாருங்கள். எஞ்சுவது 4294967297!

அரைப் பக்கக் கணக்கு இது. நாம் ஏன் செய்யவில்லை? தேற்றத்தை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. ஐயப்படுவதற்கு மதிப்பெண் இல்லை. எனவே ஒவ்வொரு தேர்விலும், பாடநூலில் இல்லாத ஒரு கூற்றைக் கொடுத்து, "இது சரியா, தவறா? காட்டுக" என ஒரு வினாவேனும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

"கைப்பேசியே நொடியில் பிரித்துவிடுமே!" என்பர் நண்பர்கள். உண்மைதான். ஆனால் கைப்பேசியிடம் கேட்க வேண்டும் என்ற ஐயம் அன்று எங்களில் ஒருவருக்கும் எழவில்லையே! விடையைக் கருவி தரலாம். ஐயம் நமக்குத்தான் வர வேண்டும்.

65537-க்குப் பின் இவ்வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. "அப்படியானால் இனி இல்லவே இல்லை" என்று சொல்ல நா எழுகிறதா? பொறுங்கள். அதற்கும் நிரூபணம் இல்லை. பெர்மா செய்த தவற்றை மறுபக்கமிருந்து நாம் செய்ய வேண்டாம்.