உடைந்தால் சொல்லிவிடுங்கள் பாஸ்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும் கராஜ் வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

போன வருஷக் கடைசியில் எங்கள் பழைய வெகன் ஆரை வெள்ளவத்தைப் பக்கம் ஒரு இடத்தில் சேர்விஸுக்குப் போட்டோம். ஒயில், ஃபில்டர், வழமையான வேலைதான். மஃரிபுக்கு முன் வாகனம் கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை பார்த்தால், நிறுத்திய இடத்தில் ஒயில் துளிகள். கொட்டாஞ்சேனையில் தெரிந்த பாஸிடம் கொண்டுபோனோம். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சம்ப் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதில் புரி போய்விட்டது. ஒழுகாமலிருக்க சிலிக்கன் பூசி மூடியிருந்தார்கள். கீழ்க் கவரின் கிளிப் நாலு இல்லை, கேபிள் டையால் கட்டியிருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டோம். "பழைய வண்டி சேர், வரக்குள்ளயே அப்படித்தான் இருந்திச்சு" என்றார் பொறுப்பாக இருந்தவர். எங்களிடம் முதல் எடுத்த படம் ஒன்றுமில்லை. பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு வந்தோம்.

வெளியே வரும்போது ஒரு பையன் பின்னால் ஓடிவந்தான். எங்களிடம் தரம் 8 படித்த பிள்ளை. "சேர், நான்தான் இறுக்கினது. சொன்னா சம்பளத்தில வெட்டுவாங்க, அதான் சொல்லல்ல" என்றான். அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. செலவை நாங்களே பார்த்துக்கொண்டோம். இப்போது அவன் அங்கே இல்லை, வேறு இடத்தில் வேலை. அதனால்தான் இன்று எழுதுகிறோம்.

சாமான் உடைவது குற்றமில்லை. வருஷக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் கிளிப், கைதேர்ந்த பாஸ் கழற்றினாலும் உடையும். மறைப்பதுதான் குற்றம். ஒயில் ஒழுகி முடிந்து எஞ்சின் இறுகினால், சில நூறு ரூபாய் சாமானில் தொடங்கியது லட்சங்களில் போய் முடியும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. பஞ்சிகாவத்தையில் அலைந்து சாமான் தேடி, இருக்கிற பழைய வாகனத்தைக் காப்பாற்றித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறோம்.

நாம் கொடுக்கும் சாவி ஒரு அமானத். கூலிக்கு வேலை செய்பவரின் கையில் பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவருடைய கவனக்குறைவால் பழுதானால் அவரே ஈடு செய்யவேண்டும் என்பதில் வேறுபாடில்லை. நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, எழுதிக்கொள்ளாவிட்டாலும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யும் கடமை உண்டு. முறைப்பாட்டை சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். விசாரிக்க 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஆனால் சண்டைக்கு முன் நாம் செய்யவேண்டியதும் இருக்கிறது. வாகனத்தைக் கொடுக்கும்போது சுற்றிவர நாலு படம், மீட்டர் ஒரு படம். என்ன வேலை, என்ன சாமான் என்று பிரித்தெழுதிய பில். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். எடுக்கும்போது பொனட்டைத் திறந்து, கீழேயும் குனிந்து பாருங்கள். பிழை கண்டால் அன்றே போய்ச் சத்தம் போடாமல் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். நாங்கள் இதில் ஒன்றையும் செய்யவில்லை. அதனால்தான் அன்று பேச வாயில்லாமல் நின்றோம்.

கராஜ் முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். கிளிப் உடைந்ததற்குப் பையனின் நாள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். வெட்டினால் அவன் அடுத்த முறை சிலிக்கன் பூசித்தான் மூடுவான். "இது உடைஞ்சிட்டு சேர், மாத்தித் தாறோம்" என்று நீங்களே சொன்னால், அந்த வாடிக்கையாளர் உங்களை விட்டு எங்கும் போகமாட்டார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பில் இருந்த காலத்தில் ஒருநாள் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யார் என்று கேட்டு முழு வகுப்பையும் எழுப்பி நிறுத்தினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மறைக்க அவன் கராஜில் பழகவில்லை, எங்களிடம்தான் பழகினான். அப்படியிருந்தும் ஓடிவந்து உண்மையைச் சொன்னானே, அல்ஹம்துலில்லாஹ். அவனுக்காக துஆ செய்யுங்கள்.