மேஜை போடும் சத்தம்

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, ‘புளூவா, ரெட்டா, பிரவுனா?’ என்பதுதான். புளூ சுவிட்ச் டிக் டிக்கென்று சத்தம் போடும், ரெட் வழுக்கிக்கொண்டு இறங்கும், பிரவுன் இரண்டுக்கும் நடுவே. இந்தப் பாடத்தில் பிழையில்லை. ஆனாலும் சத்தம் வேண்டாமென்று ரெட் வாங்கிப் போனவர் ராத்திரி பதினோரு மணிக்கு வேலை பார்த்தால், பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்து வந்து திட்டத்தான் செய்கிறார். புளூ ரகத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், காதுக்கு வந்து சேரும் சத்தத்தில் பெரும்பங்கு சுவிட்சினுடையது அல்ல. விரல் போட்ட அடியை வாங்கிக்கொள்ளும் தகடும் பெட்டியும் மேஜையும் போடுகிற சத்தம் அது. தஞ்சாவூரில் இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

வீணைத் தந்தியை இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டினால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மெல்லிய கம்பிக்குக் காற்றைத் தள்ளும் அகலம் கிடையாது. அதே அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேல்பலகையில் இறங்கியதும் கூடம் முழுக்க நாதம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரத்தைத் தேடிப் பிடித்து, குடத்தை அத்தனை பக்குவமாகக் குடைவதெல்லாம் இதற்காகத்தான். சுவர் தடித்தால் ஒலி அமுங்கிவிடும். கீபோர்டைப் பிரித்துப் பார்த்தால் அங்கேயும் ஒரு குடம் இருக்கிறது. சுவிட்சுகளைத் தாங்கும் தகடு மேல்பலகை. அதன் கீழே பிளாஸ்டிக் பெட்டிக்குள் காலியிடம். விவரம் தெரிந்தவர்கள் அந்தக் காலியிடத்தில் ஃபோம் வெட்டி அடைக்கிறார்கள். வீணை ஆசாரி பாடுபட்டுக் குடைந்து எடுப்பதை இவர்கள் பாடுபட்டு நிரப்புகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கும் கீழே மேஜை. நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் டேபிளில் கீபோர்டு வைக்கவென்று உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் ஒரு பலகை உண்டு. அரை அங்குல மரத்தூள் பலகை, இரண்டு பக்கமும் தகரத் தண்டவாளம், நாலு சின்ன உருளைகள். ஒவ்வொரு விசைக்கும் அந்தப் பலகை கூடவே அதிர, உருளைகள் தண்டவாளத்துக்குள் கடகடவென்று தாளம் போடும். இதற்கு மேல் என்ன விலை கொடுத்துச் சுவிட்ச் மாற்றினாலும் என்ன பிரயோசனம்?

வீணையின் பலகை நாதத்துக்கென்றே இழைத்தது, மேஜை அப்படியில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், மேஜையிலிருந்து இனிமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அகலமான, மெல்லிய, விறைப்பான எந்தப் பரப்பும் தன்னிடம் வந்த அதிர்வைக் காற்றுக்குக் கடத்தத்தான் செய்யும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டி மேஜையில் ஊன்றியவர்களுக்கு இது தெரியும்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: சத்தம் அடிக்கிற கையைப் பொறுத்தது, மெதுவாகத் தட்டினால் போதாதா? கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஏ எஸ் டி எஃப் என்று தொடங்கி, லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்று தேறி வந்தவர்கள் கையில் ஓர் அடி உண்டு. அந்த மெஷினில் அடிதான் வேலை. எழுத்துக் கம்பி எழும்பி வந்து ரிப்பனோடு தாளை ரோலரில் மோதினால்தான் எழுத்து விழும். கார்பன் வைத்தால் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும். அங்கேயும்கூட வாங்குகிற பரப்பின் கை இருக்கிறது: ரோலர் ரப்பர் வயதாகி இறுகிப்போனால் அதே விரலுக்கு மெஷின் படபடவென்று கத்தும், தாளுக்குப் பின்னால் கூடுதலாக இன்னொரு தாள் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். மெக்கானிக்கல் கீபோர்டில் கதை வேறு. செர்ரி நிறுவனத்தின் ரெட் சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்குகிறது. 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடுகிறது. மிச்ச தூரம் இறங்கி அடியில் மோதுவது அத்தனையும் வீண். விரலை எடுத்ததும் விசை மேலே ஏறி இன்னொரு முறை முட்டும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பூப்போலத் தட்டினால் சத்தம் குறையும் என்பது சரி. ஆனால் வேகமாக அடிக்கும் விரலைப் பாதி வழியில் நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமல்ல. மோதல் நடந்தே தீரும் என்றால், எதன் மேல் மோதுகிறது என்பதுதான் நம் கையில் இருப்பது.

அறையையும் விட்டுவிட முடியாது. இன்ஸ்டிடியூட்டில் முப்பது மெஷின் ஒன்றாக ஓடினால் இரைச்சல் முப்பது மடங்கு ஆவதில்லை. சுமார் 15 டெசிபெல் கூடும், காதுக்கு அது மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே படும். மிச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பவை வெறுஞ்சுவரும் சிமென்ட் தரையும் ஷீட் கூரையும். மொசைக் தரை போட்டு, திரைச்சீலைகூட இல்லாத நம் படுக்கையறைகளிலும் இதுவே நடக்கிறது.

புளூ சுவிட்சை ஆரம்பத்தில் தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குள் டிக்கென்று சொல்வதற்கென்றே ஒரு தனி உறுப்பு இருக்கிறது. அந்தச் சத்தம் நேரே காற்றில் வருவதால் மேஜையை மாற்றினாலும் போகாது. தவில் வித்வான் வலக்கை விரல்களில் மாட்டும் கெட்டியான கூடு, விரலின் தோலுக்கு வராத வெட்டொலியைத் தோல்முகத்தில் எழுப்புவது போல, கெட்டியோடு கெட்டி சேர்ந்தால் ஒலி கூர்மையாகும். கீச்சென்ற ஒலி அளவில் சிறிதானாலும் காதைக் குத்தும். ஸ்பேஸ் பாரின் லொடலொடப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். நீளமான விசையைத் தாங்கும் கம்பி அதன் குழியில் ஆடுகிறது. ஒரு துளி கிரீஸ் போதும்.

எது காரணம் என்று பிரித்தறிய, துண்டை நாலாக மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்து ஒரு பக்கம் அடித்துப் பார்க்கலாம். கனமான இரைச்சல் இறங்கிவிட்டால் மேஜை குற்றவாளி. தடிமனான ரப்பர் விரிப்பு வாங்கினால் ஆயிற்று, அல்லது அந்த இழுப்புப் பலகையை விட்டுக் கீபோர்டை மேலே எடுத்து வைத்தாலும் சரி. துண்டுக்கும் அசையாமல் டிக் டிக் மட்டும் மிஞ்சினால், அப்போது சுவிட்ச் மாற்றும் பேச்சை எடுக்கலாம். அதுவும் பிடுங்கி மாற்றுகிற ரகமாக இருந்தால்தான் சுலபம். இல்லையென்றால் விசைக்கு இரண்டு கால் வீதம் ஈயப்பற்றை உருக்கி எடுக்க வேண்டியிருக்கும்.