சர் கிரீக்: கோட்டுக்காகக் காத்திருக்கும் சிறைவாசிகள்

சண்டை தொடங்கியது விறகுக்காக. 1908-இல், கட்ச் சமஸ்தானத்துக்கும் அன்று பம்பாய் மாகாணத்தில் அடங்கியிருந்த சிந்துப் பகுதிக்கும் நடுவே கிடந்த ஓர் உப்பங்கழியின் கரையில் யார் விறகு வெட்டுவது என்று தகராறு வந்தது. 1914-இல் பம்பாய் அரசு ஒரு தீர்மானம் போட்டு அதைத் தீர்த்துவைத்தது. அந்தத் தீர்மானத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் இன்றுவரை முட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்த உப்பங்கழிதான் சர் கிரீக், சுமார் 96 கிலோமீட்டர் நீளச் சேற்றுக் கழி. தீர்மானத்தோடு இணைந்த வரைபடத்தில் எல்லையைக் காட்டும் பச்சைக் கோடு கிழக்குக் கரையை ஒட்டிப் போகிறது. ஆகவே கழி முழுவதும் தனக்கே என்கிறது பாகிஸ்தான். அதே தீர்மானம் படகு போகும் நீரோட்டத்தின் நடுவைப் பற்றியும் பேசுகிறது, 1925 வரைபடத்தில் எல்லைத் தூண்களும் நடுநீரில்தான் காட்டப்பட்டுள்ளன என்கிறது இந்தியா. 1965 மோதலுக்குப் பின் அமைந்த நடுவர் மன்றம் 1968-இல் கட்ச் ரண் எல்லையை வகுத்தபோது, சர் கிரீக்கைத் தொடாமல் விட்டுவிட்டது.

மண்ணும் நீரும் அங்கே ஓரிடத்தில் நிற்பதில்லை. 1819 நிலநடுக்கத்தில் தரை மேடிட்டு, சிந்து நதியின் கிளை கட்ச் பக்கம் வருவது தடைபட்டது. செழித்திருந்த லக்பத் துறைமுகம் பாழடைந்தது. ஒவ்வொரு ஓதத்துக்கும் உருமாறும் சேற்றில் நூறாண்டுக்கு முந்தைய கோட்டைத் தேடுகிறார்கள். ஆனாலும் இரு அரசுகளும் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் உண்டு. கழி கடலில் சேரும் புள்ளி எதுவோ, அங்கிருந்துதான் கடல் எல்லை தொடங்கும். அந்தப் புள்ளி சிறிது நகர்ந்தாலும், கடலில் பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் கை மாறும்.

இந்தக் கணக்கின் விலையைக் கொடுப்பவர்கள் மீனவர்கள். போர்பந்தர், வேராவல், ஓகா, டையூ துறைகளிலிருந்து கிளம்பும் விசைப்படகுகள் மீன் போகும் திசையில் போகின்றன. நம் கடற்கரையில் கூறல் என்று சொல்லும் மீன் அங்கே கோல். அதன் நெட்டிக்கு, அதாவது காற்றுப்பைக்கு, வெளிநாட்டில் நல்ல விலை. எஞ்சின் பழுதானாலோ நீரோட்டம் இழுத்தாலோ படகு கோட்டுக்கு அப்பால் போய்விடும். ரோந்துக் கப்பல் வரும், ஆட்கள் கராச்சி சிறைக்குப் போவார்கள். சிந்துக் கரை மீனவர்களுக்கும் இதே கதிதான், அவர்களுக்குக் குஜராத் சிறை.

2008-இல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் இரு நாடுகளும் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 2025 ஜூலையில் பாகிஸ்தான் பட்டியலில் இந்திய மீனவர்கள் 193 பேர், இந்தியப் பட்டியலில் பாகிஸ்தான் மீனவர்கள் 81 பேர். அந்த ஆண்டு மே மாதம் இரு நாடுகளுக்கும் இடையே ஏவுகணைகள் பறந்த பிறகும் அந்த ஜூலைப் பட்டியல் தவறாமல் கை மாறியது. பட்டியல் போக முடிகிற வழியில் ஆட்கள் ஏன் போக முடியாது?

பாதுகாப்பு அச்சம் பொய்யல்ல. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் போர்பந்தர் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தித்தான் வந்தார்கள். பிடித்த படகைச் சோதிப்பதும் ஆளை விசாரிப்பதும் அரசின் கடமை. ஆனால் இவர் மீனவர், இன்ன நாட்டவர் என்று உறுதியான பிறகும் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைப்பதால் எந்த நாட்டின் பாதுகாப்பும் கூடுவதில்லை. தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே வராதவர்கள் உண்டு. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியவருக்குச் சிறைத்தண்டனை கூடாது என்கிறது. இரு நாடுகளும் இதை ஏற்று ஒப்பமிட்டவை.

எல்லை முடிவானால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் பாக் நீரிணையைப் பார்க்கட்டும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் எல்லையைத் தெளிவாக வகுத்துவிட்டன. ராமேஸ்வரத்து மீனவர் கைதாவது நிற்கவில்லை. சர் கிரீக்கிலும் கோடு ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் பேச வேண்டும். 2007-இல் இரு நாட்டு நில அளவையாளர்கள் கூட்டாகக் கழியை அளந்தார்கள். கோட்டுப் பேச்சு எப்போது நடந்தாலும் அந்த அளவை கையில் இருக்கிறது.

கைதிகளுக்காக அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளின் கூட்டுக்குழு 2013-க்குப் பிறகு கூடவில்லை. அதை உடனே கூட்ட வேண்டும். நாட்டுரிமை உறுதியானவர்களைச் சில வாரங்களுக்குள் அனுப்பக் காலவரம்பு வேண்டும். படகையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். துறைமுகத்தில் மட்கிப்போகும் படகுக்கு வாங்கிய கடன், ஆள் வீடு திரும்பிய பிறகும் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்.